முதல் குரல்

உலகத்தில் எல்லோரும் ஒரே மொழி பேசிவிட்டால் சண்டை சச்சரவே இருக்காது என்று கண்டுபிடித்தவர்கள் கூடிப் பேசுவதற்கென்று ஒரு கட்டடம் இருந்தது. அதில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். கூடப்பிறந்தவர்கள் ஒரே மொழிதானே பேசுகிறார்கள், அவர்கள் விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போகிறதே என்று அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதில்லை. லிஃப்ட்காரர் சந்தேகம் கேட்கிற வழக்கம் எந்தக் கட்டடத்திலும் கிடையாது.

அமைப்புக்குப் பெயர் ஒருமொழிப் பேரவை. மொழிக்குப் பெயர் ஒருமொழி. இதே ஆசையோடு எஸ்பெராண்டோ என்று இன்னொரு மொழி இருக்கிறது. அந்தக் கூட்டத்தாரோடு இவர்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பேரவைக்குள்ளேயும் பழைய விதிக்காரர்கள், புதிய விதிக்காரர்கள் என்று இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி லிஃப்டில் ஏறினால் மற்ற கோஷ்டி அது திரும்பி வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கதவு சாத்தியதும் ஏறியவர்கள் அவரவர் வீட்டு மொழியில் நின்றவர்களைத் திட்டுவார்கள். மேலே கதவு திறந்ததும் ஒருமொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டு இறங்குவார்கள். இப்படி ஏறி இறங்கியதில் லிஃப்ட்காரருக்குப் பல தேசத்து வசவுகள் மனப்பாடமாகிவிட்டன. ஒருமொழியில் மட்டும் ஒரு வசவுகூடத் தெரியாது. அதில் யாரும் திட்டுவதில்லை. அந்த அளவுக்கு யாருக்கும் வராது.

அவருக்கும் மனைவிக்கும் அடித்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மனைவி பேரவை கேன்டீனில் கப் கழுவுகிறவள். வாய் ஓயாத மனுஷி. கழுவுகிற கப்போடு பேசுவாள், ஒழுகுகிற குழாயைக் கோபித்துக்கொள்வாள், மோட்டார் போடும் சத்தத்துக்குப் பதில் சொல்வாள். கேன்டீனில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் பிறந்தது. வயிற்றில் இருந்தபோதே அதனிடம் கேன்டீன் வம்பு மொத்தத்தையும் சொல்லி முடித்திருந்தாள். பிறந்ததும் முதல் காரியமாக, "யாருகிட்டயும் சொல்லிடாதே" என்று காதில் சொன்னாள்.

அந்த அறையின் சுவரில் எப்போதும் ஈரம். குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு, "மருந்து எழுதித் தரேன். ஆனா இதுக்குக் காத்துதான் வேணும். ஜன்னல் இருக்கற வீடா பாருங்க. இல்லேன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை" என்று சொல்லிவிட்டார். லிஃப்ட்காரர் வாங்கும் சம்பளத்துக்கு ஜன்னலை வேண்டுமானால் வாங்கலாம், வீட்டை வாங்க முடியாது.

மறுநாள் பேரவைச் செயலாளர் லிஃப்டில் தனியாக ஏறினார். எந்த மாடி என்று சொல்லவில்லை. மெலிந்த மனிதர், கல்யாணம் ஆகாதவர், பேரவையிலேயே ஒருமொழியை ஓரளவு தடங்கலில்லாமல் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரோடு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

"உங்களுக்குக் குழந்தை பொறந்திருக்காமே. பேச ஆரம்பிச்சுடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் தலையே நிக்கலைங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"ரொம்ப நல்லது" என்றார் செயலாளர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பிறகு விஷயத்துக்கு வந்தார். பேரவையின் எதிரிகள் ஒரே ஒரு குறையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களாம்: இந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு ஜீவன்கூட உலகத்தில் இல்லை. அந்த வாயை அடைக்க ஒரு குழந்தை போதும். பிறந்ததிலிருந்து ஒருமொழியைத் தவிர வேறெதுவும் காதில் விழாமல் வளர்ந்த ஒரு குழந்தை.

"உறுப்பினருங்க வீட்டுலயே நிறைய பிள்ளைங்க இருக்காங்களே சார்" என்றார் லிஃப்ட்காரர்.

"அவங்க படிக்கணும், நாளைக்கு ஒரு வேலைக்குப் போகணும். அவங்க வாழ்க்கையில எப்படி விளையாட முடியும்?" என்றார் செயலாளர். சொன்னதில் ஏதாவது கோளாறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. "உங்களுக்கு மேல் மாடியில ரெண்டு ரூம் தரோம். பெரிய ஜன்னல். காத்து பிச்சுக்கிட்டு வரும். குழந்தைக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் உங்க பாஷையில வாயைத் திறக்கக்கூடாது. அவ்வளவுதான். ஒருமொழித் தேர்வுல தேறிட்டீங்கன்னா அதுல தாராளமா பேசலாம். தேறலைன்னாலும் பரவாயில்லை, மூணாவது வருஷம் மாநாடு வருது. அதுல குழந்தையைக் காட்டிட்டோம்னா அப்புறம் நீங்க என்ன பாஷையில வேணா கொஞ்சிக்கோங்க."

மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். "பேசாம பிள்ளை வளர்க்கறதா? வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கேன்?" என்றாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தைக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரி. முதல்ல மூச்சு விடட்டும். பேச்சை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

மேல் மாடிக் கதவில் 'முதல் குரல்' என்று ஒருமொழியில் பலகை மாட்டினார்கள். குழந்தைக்குப் பேரவை வைத்த பட்டம் அது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: காற்று வந்தது. குழந்தையின் இழுப்பு அடங்கியது. அந்த ஒரு காரணத்துக்காகவே லிஃப்ட்காரரால் அதன் பிறகு எதையும் எதிர்த்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

முதலில் தாலாட்டுப் பிரச்சினை வந்தது. மனைவி வாய் திறக்காமல் மூக்கால் ராகம் இழுத்துத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். ராகத்திலும் வட்டார வாடை இருக்கிறது என்று ஒரு உறுப்பினர் எழுதிக் கொடுத்தார். தாலாட்டுத் துணைக்குழு அமைக்கப்பட்டது. அது பல முறை கூடி, மனித குலத்தின் ஒற்றுமையைப் பற்றி ஒரு முன்னுரையும் அதன் கீழ் ஒரு தாலாட்டும் தயாரித்தது. மெட்டு விஷயத்தில் பழைய விதிக்காரர்களும் புதிய விதிக்காரர்களும் ஒத்துப்போகாததால் மெட்டில்லாமல் படிப்பது என்று முடிவாயிற்று. பொருளாளர் தினமும் மாலை வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொட்டில் பக்கத்தில் நின்று முன்னுரையோடு சேர்த்துப் படித்தார். குழந்தை வீறிட்டு அழுதது. "நல்ல உணர்ச்சி இருக்கு" என்று பொருளாளர் குறித்துக்கொண்டார்.

உறுப்பினர்கள் முறைபோட்டுக்கொண்டு வந்து குழந்தையிடம் ஒருமொழி பேச வேண்டும் என்பது அடுத்த ஏற்பாடு. வந்தார்கள். ஒருமொழியில் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாநாட்டுப் பேச்சு. கால் உதைத்துக்கொண்டு கிடந்த குழந்தையைப் பார்த்து, மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே என்று ஆரம்பித்து, முந்தைய தீர்மானத்தை வழிமொழிந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒரு பழைய விதிக்காரர் சொல்லிக் கொடுத்ததை அடுத்து வந்த புதிய விதிக்காரர் மறுத்துப் பேசினார். கொஞ்ச நாளில் அந்த வேலையும் அலுத்துப்போய், ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்கள்.

மனைவி ஒருமொழி வகுப்பில் சேர்ந்தாள். தேறிவிட்டால் பேசலாமே. முதல் நாளே கையைத் தூக்கி, "பசிக்குதா, வலிக்குதா, இங்க வாடி, இதுக்கெல்லாம் எப்படிச் சொல்றதுங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் மூணாவது தொகுதி. இல்லறம். நாம இப்ப முதல் தொகுதியில இருக்கோம். மாநாட்டு நடைமுறை" என்றார் ஆசிரியர்.

"மூணாவது தொகுதியைக் கொடுங்களேன், அதை முதல்ல படிச்சிடறேன்."

"அது இன்னும் அச்சுக்குப் போகலம்மா. பழைய விதிப்படி அடிக்கறதா, புதிய விதிப்படி அடிக்கறதான்னு முடிவாகணும்."

"அது எப்ப முடிவாகும்?"

"மொழி பொறந்ததுலேருந்து பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார் ஆசிரியர் பெருமையாக.

தேர்வில் அவளுக்கு உலக சகோதரத்துவத்தைக் கண்டு நான் அடையும் பேருவகை என்று கட்டுரை கேட்டார்கள். காலித் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். லிஃப்ட்காரரும் எழுதினார். பொழுது போகாத நேரமெல்லாம் முதல் தொகுதியை லிஃப்ட் ஸ்டூலில் உட்கார்ந்து உருப்போட்டதில் அது அவருக்குத் தலைகீழாகத் தெரிந்துவிட்டது. ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவது எப்படி, அவையைக் குலைப்பவர் மேல் நடவடிக்கை கோருவது எப்படி எல்லாம் தெரியும். ஆனால் வாய்மொழித் தேர்வு நடத்த வேண்டியவர் ஒவ்வொரு முறையும் தொண்டை சரியில்லை என்று வராமல் இருந்துவிட்டார். வாய்மொழி இல்லாமல் தேர்ச்சி இல்லை.

இவ்வளவு பெரிய கட்டடத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரே இடம்தான் இருந்தது. மனைவி லிஃப்டில் ஏறியதும் அவர் இரண்டு மாடிகளுக்கு நடுவே அதை நிறுத்திவிடுவார். அவள் மடை திறந்த மாதிரி கொட்டுவாள்.

"இன்னிக்கு என் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லைங்க. அடி கழுதை, மூக்கு என்ன பொம்மையா, உங்க அப்பன் மூக்கு இருக்கு பாரு அதைப் பிடின்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன். அப்புறம் ஜன்னல்ல ஒரு காக்கா உக்காந்துச்சு. காட்டினேன். விரலைத்தான் பார்த்தா, காக்காவைப் பார்க்கலை. காக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திரும்பியிருப்பா."

"இன்னும் கொஞ்ச நாள்தான்டி" என்பார் அவர்.

"எல்லாத்தையும் சேர்த்து வச்சிருக்கேன். மாநாடு முடிஞ்ச அன்னிக்கு அவளை மடியில போட்டுக்கிட்டு ஒண்ணு விடாம சொல்லப்போறேன். நீங்க சாப்பாடு பண்ணிக்கோங்க, என்னைக் கூப்பிடக்கூடாது."

மேலே யாராவது மணியை அடிப்பார்கள். லிஃப்ட் பழுது என்று உறுப்பினர்கள் புகார் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பழுது பார்க்க ஆள் வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்படியிருக்கும்போது, நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு உறுப்பினர், குழந்தையின் தாய் தூக்கத்தில் முணுமுணுப்பதாகப் பேரவையில் பேசினார். விவாதம் நடந்தது. தூக்கத்தில் பேசுகிறவளுக்குத் தண்டனை கொடுக்க முடியாது, பேரவை அவ்வளவு இரக்கமில்லாதது அல்ல என்றார் தலைவர். ஆகவே இனி அவள் அடித்தளத்தில் தூங்கலாம், பகலில் குழந்தையைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் மேலே வரலாம் என்று இரக்கத்தோடு தீர்மானமாயிற்று. லிஃப்ட்காரர் மேலேயே படுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அவர் குறட்டை விடுவார். ஆனால் குறட்டை எந்த ஒரு தேசத்துக்கும் சொந்தமானதல்ல என்று மொழியியல் குழு அறிக்கை கொடுத்தது.

உறுப்பினர்கள் வருவது ஒருவழியாக நின்றுபோனதும், செயலாளர் தாமே முதல் தொகுதி முழுவதையும் டேப்பில் பேசிப் பதிவு செய்து, ஒரு ஒலிப்பெட்டியைக் கொண்டுவந்து குழந்தையின் அறையில் வைத்தார். காலையிலிருந்து விளக்கணைக்கும் வரை அது பேசியது. கண்ணியமான, நிதானமான குரல். கேட்ட கேள்விக்கு அது ஒருநாளும் பதில் சொன்னதில்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

ஒருநாள் லிஃப்ட்காரர் மேலே போனபோது குழந்தை ஓடிவந்து நிலைப்படியில் தடுக்கி விழுந்தது. முழங்கால் தோல் உரிந்து ரத்தம். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மண்டி போட்டாள். குழந்தை அவளைத் தாண்டி ஓடி, ஒலிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதது. பெட்டி நிதிநிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் பெட்டியை நோக்கி இரண்டு அடி வைத்தார். பெட்டியை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். ஜன்னல் அவர்கள் கொடுத்தது.

அதற்குப் பிறகு மனைவி லிஃப்டில் ஏறினால், நடுவில் நிறுத்தினாலும் சும்மாவே நின்றாள்.

"ஏதாவது பேசேன்டி" என்பார்.

"அவகிட்டச் சொல்ல வேண்டியதை உங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? கிளப்புங்க. மணி அடிக்கறாங்க பாருங்க."

கேன்டீனிலும் அவள் பேச்சு நின்றுவிட்டது. ரேடியோ என்று கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். மாநாடு எப்போது என்று மட்டும் அவ்வப்போது கேட்டுக்கொள்வாள்.

மாநாடு வந்தது. பல தேசங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். கீழ்த்தள மண்டபத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு காதுக்கருவி. மேடையில் ஒருமொழியில் பேசுவதைக் கண்ணாடி அறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரவர் மொழியில் மாற்றிச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லைப் பேரவை தடை செய்திருந்ததால் அவர்களுக்குத் தற்காலிக உதவியாளர்கள் என்று பெயர். பேச்சுகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்; இல்லாவிட்டால் உதவியாளர்களுக்கும் புரியாது.

தலைவர் பேசினார். "நண்பர்களே, ஒரு தாயும் தன் குழந்தையும் தடையில்லாமல் பேசிக்கொள்கிற உலகத்தை நாம் படைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்காக எந்தத் தாயும் எந்தத் தியாகத்தையும் செய்யத் தயங்கமாட்டாள் என்பதை இந்தப் பேரவை நிரூபித்திருக்கிறது" என்றார். காதுக்கருவிகளில் அது போய்ச் சேர்ந்ததும் வரிசை வரிசையாகக் கைதட்டினார்கள்.

லிஃப்ட்காரர் மேடையின் இடப்பக்கம், படிக்கட்டோரம் நின்றார். மனைவி திரைக்குப் பின்னால் இருந்தாள். புது கவுன் போட்டு, தலைவாரி, குழந்தையை அவள்தான் கொண்டுவந்து செயலாளர் கையில் கொடுத்திருந்தாள். வரும்போது லிஃப்டில் அவள் முகம் பழைய முகமாக இருந்தது. மடியில் போட்டுக்கொள்ள ஒரு துண்டுகூட எடுத்து வைத்திருக்கிறாளாம். சாயங்காலத்துக்கு.

செயலாளர் குழந்தையைத் தூக்கி, எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்று உயரமான மேஜையின் மேல் நிறுத்தினார். விளக்குகள் எரிந்தன. மண்டபம் மூச்சுவிடாமல் பார்த்தது. குழந்தை பேசவில்லை. பெட்டியைத் தவிர வேறு யாரிடமும் அது அதுவரை பேசியதே இல்லை. செயலாளர் ஒருமொழியில் மெதுவாக வணக்கம் சொல்லிப் பார்த்தார். குழந்தை உதட்டைப் பிதுக்கியது. பிரதிநிதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளரின் கழுத்தில் வியர்வை இறங்கியது. குழந்தைக்கு விளக்கு கூசியிருக்க வேண்டும், கண்ணை இடுக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து மேஜையின் விளிம்புக்குப் போய்விட்டது. இன்னும் ஒரு அடி வைத்தால் கீழே சிமென்ட் தரை.

"பாப்பா, பார்த்து, விழுந்துடுவே" என்று ஒரு குரல் மண்டபத்தையே கிழித்தது.

மூன்று வருஷம் அடக்கிவைத்த குரல், அதில் ஒரு நளினமும் இல்லை. திரை விலகியது, மனைவி கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு காவலாளிகள் குறுக்கே வந்து அவளை மறித்துக்கொண்டார்கள். குழந்தை நின்றுவிட்டது. சத்தம் வந்த திசையில் திரும்பிப் பார்த்தது. அம்மாவின் முகம் அதற்குத் தெரியும், கை தெரியும், வாசனை தெரியும். இந்தச் சத்தம்தான் தெரியாது. அந்த முகத்திலிருந்து இப்படி ஒன்று வரும் என்று அது கண்டதில்லை. பயந்து நடுங்கியது. பிறகு செயலாளரின் பக்கம் திரும்பி, விரலால் அவளைச் சுட்டிக்காட்டி, மழலையே இல்லாத தெளிவான ஒருமொழியில் சொன்னது:

"ஒழுங்குப் பிரச்சினை, தலைவர் அவர்களே. அவையில் கூச்சலிடும் அந்த நபரை உடனே வெளியேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கண்ணாடி அறைகளில் உதவியாளர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுதிக் கொடுத்த தாளில் இது இல்லை. காதுக்கருவிகளில் ஒன்றும் வரவில்லை. ஆனால் முதல் குரல் பேசிவிட்டது, தானாகப் பேசிவிட்டது என்பது மட்டும் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. மண்டபம் எழுந்து நின்றது. கைதட்டல் கூரையில் மோதியது. பழைய விதிக்காரர்களும் புதிய விதிக்காரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செயலாளர் கன்னத்தில் கண்ணீர் வழிய லிஃப்ட்காரரிடம் வந்தார். "கேட்டீங்களா? ஒரு பிழை இல்லை. ஒரே ஒரு பிழை இல்லை. என் குரல் மாதிரியே இருந்துச்சு இல்லை?" என்றார். பிறகு அவர் தோளைத் தட்டி, "இந்த நேரத்துல போய் நிறுத்தறதாவது. தலைவர்கிட்டப் பேசிட்டேன். பள்ளிக்கூடப் படிப்பு முடியற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். அந்த வீடு உங்களுக்குத்தான், கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார்.

லிஃப்ட்காரர் மேடையைச் சுற்றிக்கொண்டு மனைவியிடம் போனார். காவலாளிகளும் அவளை மறந்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வகுப்புக்குப் போயும் அவளுக்கு ஒருமொழியில் ஒரு வார்த்தை ஏறவில்லை. அவருக்கு முதல் தொகுதியில் ஒரு வார்த்தை தெரியாமல் இல்லை.

"என்னைக் காட்டி ஏதோ சொன்னாளே" என்றாள். "இவ்வளவு பேர் கைதட்டறாங்க. என்னங்க சொன்னா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"அம்மாகிட்டப் போகணும்னு சொன்னா" என்றார்.

அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேஜையின் மேல் நின்ற குழந்தையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இதோ வந்துட்டேன்னு சொல்லுங்க. நீங்கதான் படிச்சிருக்கீங்களே, அவ பாஷையில சொல்லுங்க" என்றாள்.

"கைதட்டல் அடங்கட்டும், சொல்றேன்" என்றார் அவர்.